தெரியாதவர்களுக்கு இரண்டரைக் கிலோ

வரிசை நகரவில்லை. நகராமல் இருந்தால்கூட நல்லதுதான் என்று சௌந்தரவல்லிக்குத் தோன்றியது, இப்படியே மதியமாகி, யாராவது அரிசியைக் களைந்து உலையில் போட்டு, சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டால் இந்தக் கடைசி நாளும் கழிந்துவிடும், ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும், கண்ணை மூடிக்கொள்ளலாம். முழங்காலுக்குள் யாரோ மணலைப் போட்டுக் கட்டிவைத்ததுபோல் இருந்தது. சமையற்கட்டின் சிமெண்டுத் தரையிலிருந்து குளிர் செருப்பைத் தாண்டி ஏறியது. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. முன்னால் பேச்சியம்மாள், அவளுக்கு முன்னால் தாவூத், அவருக்கும் முன்னால் மேஜைமேல் தராசு, தராசுக்குப் பின்னால் ரெஜினா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலடியில் வாய் பிரித்த அரிசிச் சாக்கு. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டவர்களுக்கென்று ரெஜினா வருஷத்துக்கு ஒருமுறை கூட்டும் மூன்று நாள் கூட்டம். அவளும் கொடுத்தவள்தான். கடைசி நாள் காலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். பிறந்தபோது பிள்ளை என்ன எடை இருந்ததோ அந்த எடைக்கு அரிசியை நிறுத்து, வெள்ளைத் துண்டில் பொதிந்து, கையில் தருவாள். மதியம்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம், தோட்டத்தில் நடக்கலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பிறகு எல்லாப் பொதியையும் ஒரே அண்டாவில் அவிழ்த்து, ஒன்றாகப் பொங்கி, எல்லாரும் சாப்பிடுவார்கள். எடை தெரியாதவர்களுக்கு இரண்டரைக் கிலோ. "தெரியாதவங்க கூச்சப்படாதீங்க. நம்மள்ல பாதிப் பேருக்கு யாரும் சொல்லல, நாமளும் கேக்கல. ரெண்டரைன்னு வச்சுக்கலாம்" என்று நேற்றே சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சௌந்தரா வரிசையில் நிற்கிறாள். தெரியாது என்று சொல்லவேண்டும், வாங்கிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வட்டமாக உட்காரவைத்தபோதும் அதைத்தான் சொன்னாள். நான் பார்க்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கிட்டேன், எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாற்பது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, ஆற்றுக் கல்லைப்போல் முனை போய்விட்ட வாக்கியம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் உறுத்தாது. அதற்காகத்தான் அதை அப்படித் தேய்த்து வைத்திருக்கிறாள்.

ஆனால் அந்தப் பெண் கேட்டுவிட்டாள். கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாள் சாயங்காலம் வராந்தாவில், மூடுபனி காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தபோது, ரெஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்து இஞ்சி டீயைக் கையில் கொடுத்தாள், பீடிகை எதுவும் போடவில்லை. "அக்கா, உங்க பொண்ணு பெங்களூர்ல இருக்கா. நல்ல மனுஷங்க வளர்த்திருக்காங்க. போன மாசம் அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கு, வயசு கடந்து பிறந்த குழந்தை. உங்களைப் பாக்கணும்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னா. அவங்க என்னைத் தூக்கினாங்களா, அப்படின்னு." டீயின் மேல் ஆடை படர்ந்தது. "பேரு சொல்லட்டுமா?" "வேண்டாம்." "சரி. கெளம்புறதுக்குள்ள பதில் மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னாலும் பரவாயில்ல, இல்லேன்னே சொல்லிடறேன்." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். இல்லை என்றால் கதவு சாத்திக்கொள்ளும், சத்தம் வராமல், நன்றாக எண்ணெய் போட்ட கதவு. பாவம், பார்க்க விட்டிருக்கமாட்டார்கள், பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள், தன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நினைத்துக்கொள்வாள், நிம்மதியாகத் தூங்குவாள். தூக்கினேன் என்றால் அடுத்த கேள்வி வரும். வராமல் இருக்காது. தூக்கின கை எப்படி விட்டது? அதற்குச் சௌந்தராவிடம் பதில் இல்லை, பத்தொன்பது வயதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள் என்பது பதிலா? அப்பா ஆஸ்பத்திரி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் என்பது? மாடி அறையில் குடியிருந்தவன் மாற்றலாகிப் போய்விட்டான் என்பது? அவன் இப்போது மாடிப்படியில் இறங்கும் ஒரு செருப்புச் சத்தம், முகம்கூடக் கிடையாது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு பதிலின் கனம் வரவில்லை. இல்லை என்றே சொல்லிவிடலாம். அசதியாக இருக்கிறது. பொய்யைவிட உண்மைக்குத்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது, இந்த வயதில் அதிகம் பேச முடியாது.

"அண்ணன் நகராட்டி நான் முன்னாடி போவேன், இப்டிக் குனிஞ்சு நிக்காக, பஸ்ல ஏற வந்த மாதி" என்றாள் பேச்சியம்மாள். கோவில்பட்டிக்காரி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை, விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. எதைச் சொன்னாலும் சிரிப்பைக் கூடவே அனுப்பிவைப்பாள். தாவூத் திரும்பி, "நான் ஏத்துறவன்மா, ஏறுறவன் இல்ல" என்றார். வாணியம்பாடியில் டவுன் பஸ் ஓட்டுகிறவர், கூட்டத்தில் ஒரே ஆண்பிள்ளை. அவருக்குப் பிள்ளை பிறந்ததே அது வேறு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அவர் விரும்பின பெண்ணின் வீட்டார் மதத்தை நினைத்து ஊரைவிட்டே போய், பெற்று, கொடுத்து, முடித்துவிட்டார்கள். நேற்று அவர் சொன்னார், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை, அதனால் பள்ளிக்கூட ஸ்டாப்பில் எந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாலும் நிறுத்தாமல் போனதில்லை, கண்டக்டர் விசில்மேல் விசில் அடிப்பான், திட்டுவான், நான் காது கேக்காத மாதிரி உக்காந்திருப்பேன் என்று. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சௌந்தராவுக்குக் கண் காய்ந்துதான் கிடந்தது. இவங்களைப் பாத்தா உங்களுக்குத் தெம்பு வரும்க்கா, வாங்க என்று சொல்லித்தான் ரெஜினா திருச்சியிலிருந்து அவளைக் கிளப்பிக் கூட்டிவந்தாள். தெம்பு வரவில்லை. இத்தனை பேர் இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டு பஸ் ஓட்டி, தீக்குச்சி அடுக்கி, சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்களே என்று நினைக்க, எல்லாருடைய அசதியும் சேர்ந்து தன் முழங்காலில் இறங்குவதுபோல்தான் இருந்தது. பேச்சியின் மகன் போன வருஷம் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். பெரிய காரில் வந்து, அவள் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, ஆன்ட்டி என்றானாம். "ஆன்ட்டிங்கான்க்கா! நாலு வீடு தள்ளி இருக்க பொம்பளையக் கூப்பிடுத மாதி. எனக்கு வந்த சிரிப்புக்கு அளவேயில்ல. ஏல, உன் வாய்க்கு அதுதான் வருதுன்னா அதையே சொல்லிட்டுப் போ, வாயத் தொறந்து எதாச்சும் சொல்லுதியே, அது போதும்னேன்." போதும் என்று எப்படிச் சொல்ல முடிகிறது இவளுக்கு? சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. குரலைப்பற்றிச் சௌந்தராவுக்குத் தெரியும், குரல்தான் அவளுடைய பிழைப்பு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த முதல் வருஷமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று, சாவுச் செய்தி சொல்பவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், பிறப்புச் செய்தி சொல்பவர்கள் கத்துவார்கள். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டு, லைன் கிடைத்து, பேசலாம் என்று சொல்லிவிட்டுக் காதை எடுத்துவிடவேண்டும், அதுதான் விதி, ஆனால் லைன் அறுந்துபோகிறதா என்று பார்க்க ஒரு கணம் இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு கணத்தில் எத்தனையோ பிறந்திருக்கின்றன. பொம்பளப் பிள்ளை, மூணு கிலோ. ஆண் குழந்தை, ரெண்டே முக்கால், அப்பா ஜாடை. எல்லாரும் எடையைச் சொன்னார்கள், பெயர் வைப்பதற்கு முன்னால், நிறம் சொல்வதற்கு முன்னால்கூட, எடை. மூன்று கிலோவாம் என்று மறுமுனையில் பாட்டிகள் பூரித்தார்கள். அப்போதெல்லாம் அவள் இடது கை, தானாக, மேஜைக்கு அடியில் மடியில் மல்லாந்து கிடக்கும். பக்கத்து சீட்டு வத்சலா ஒருநாள் கேட்டேவிட்டாள், "ஏன்டி பிச்சை கேக்கிற மாதிரி வச்சிருக்கே கையை?" மரத்துப்போச்சு என்றாள் சௌந்தரா. பிற்பாடு அதே வத்சலாவின் மகளுக்கு வளைகாப்பு. வளையல் தட்டு வரிசையாகக் கை மாறிக்கொண்டு வந்தபோது, இவளுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி, இவளைத் தாண்டி அடுத்தவளிடம் போயிற்று. பிள்ளை பெறாதவள். கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது, அதன் பிறகு ஒன்றும் தங்கவில்லை. கணவர் ராமலிங்கம் நல்ல மனிதர், கடைசிவரை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தட்டு தாண்டிப் போனபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சுக்குள் யாரோ மெல்லச் சிரித்ததுபோல் இருந்தது, அப்புறம் பயமாக இருந்தது, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று இரவிக்கையை நனைத்துக்கொண்ட ஒரு மத்தியானத்தைச் சொல்லிவிடுவோமோ என்று. தாம்பூலம் வாங்கிக்கொண்டு சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த மத்தியானம். வேண்டாம், வரிசை இப்போதுதான் நகர்ந்திருக்கிறது, தாவூத் தராசின் முன்னால் நின்று, "எனக்கு ரெண்டரைதான் ரெஜினாம்மா, நமக்கு எதுவும் தெரியாது" என்கிறார், உண்மையாகவே தெரியாதவர், அவர் அதைச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு மானம் இருக்கிறது. பொதியை வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு பக்கமும் கை வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறார். இன்னும் பேச்சி ஒருத்தி, அப்புறம் இவள். அந்த மத்தியானம் சேலத்தில் மின்சாரம் நின்றுபோனது. ஊரில் எல்லாரையும் பொறுத்தவரை சௌந்தரா டைப்ரைட்டிங் படிக்கச் சேலத்துச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சுவரோரக் கட்டில், மற்றக் கட்டில்களுக்குப் பக்கத்தில் தொட்டில் இருக்கும், இந்தக் கட்டிலுக்குக் கிடையாது, தொட்டில் இல்லாத கட்டிலுக்குப் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே பாலைக் காய்ச்சுகிறவளுக்குக்கூடத் தெரியும். புதிதாக வந்த ஒரு நர்ஸுக்குத் தெரியவில்லை. மலையாளத்துப் பெண், இவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவள், தொப்பியைச் சரியாகக் குத்தக்கூட வரவில்லை. முழுதாக நின்றுவிடாத மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. பச்சைத் துணியில் அழுகிற ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமல், சொல்லாமல், இவள் இடது கையை வளைத்துப் பிடித்து, அதில் வைத்துவிட்டாள். "பசிக்குது பாவம். பால் கொடுக்கணும் கேட்டோ" என்றாள். தலையை இப்படித் தாங்கணும் என்று உள்ளங்கையை நகர்த்தி வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது, சொல்வதற்குள் அழுகை நின்றுவிட்டது. என்ன கனமில்லாமல் இருந்தது. அதுதான் முதலில் தோன்றியது, இவ்வளவுதானா, எலிக்குஞ்சு மாதிரி, இவ்வளவுக்குத்தானா இத்தனை பேர் இத்தனை மாசம் பேசாமல் இருந்தார்கள். தெரியக் கூடாதென்று பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டியது, வயிறு பெருக்கும் என்று சோற்றைக் குறைத்தது, எல்லாம் கழிந்து மிஞ்சின எடை. அது குடித்தது. மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து இவளைப் பார்த்துக்கொண்டு, அவசரம் இல்லாமல் குடித்தது. மின்சாரம் வந்து விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியபோது தலைமை நர்ஸ் வாசலில் நின்றாள். கத்தவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டாள், அந்தப் பெண்ணைப் பார்வையாலேயே வெளியே அனுப்பினாள், பிறகு இவள் பக்கம் குனிந்து, "ஒண்ணும் நடக்கல, நீ ஒண்ணும் பாக்கல, புரியுதா? அதுதான் உனக்கு நல்லது" என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. சௌந்தராவும் தலையாட்டினாள். அந்த மலையாளத்துப் பெண் அதன் பிறகு கண்ணில் படவேயில்லை, வேலையே போயிற்றோ என்னவோ, பெயர்கூடத் தெரியாது. அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தோம் என்று சில வருஷம் நினைத்துக்கொண்டாள், அதுவும் உண்மையில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும்.

"மூணு கிலோ நூறு" என்றாள் பேச்சியம்மாள், தராசைத் தன் பக்கமாக இழுத்துப் பார்த்துக்கொண்டு. "ரெசினாக்கா, தட்டு உங்க பக்கம் இறங்குது, என் பிள்ளைய ஏமாத்தாதீக, அவன் அப்பமே நல்ல தின்னிப்பய." "தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்து மூணு நூறா பெத்தே?" "பின்னே? முதலாளி குடுக்காத கூலியெல்லாம் அவன்ட்ட போய்ச் சேந்துட்டு." இரண்டு பேரும் சிரித்தார்கள். ரெஜினாவின் மகன் இருக்கும் இடம் தெரியும், அவளைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான், அவள் அவனுக்கான பொதியைத் தினமும் எங்கோ தூக்கிக்கொண்டுதான் இப்படி இடுப்பில் முந்தானையைச் செருகிச் சிரிக்கிறாள். பேச்சி பொதியை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள், போகவில்லை, அடுப்பு மேடைமேல் சாய்ந்து நின்றுகொண்டாள். இனி முன்னால் யாரும் இல்லை. "அக்கா, உங்களுக்கு?" தெரியாது என்றாள் சௌந்தரா. சொல் நன்றாகவே வந்தது, எக்ஸ்சேஞ்சுக் குரல், எந்த நம்பர் வேண்டும் என்று கேட்கிற குரல். ரெஜினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எடைக்கற்களை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள், மறுதட்டில் அரிசியைச் சரித்தாள், முள் நடுங்கி நேராக நின்றது. இரண்டரை. துண்டில் கொட்டி நாலு மூலையையும் சேர்த்து, புரட்டி, நீளவாட்டில் சுருட்டி, முடிச்சுப் போடாமல் செருகி, மேஜையைச் சுற்றி வந்து, இவள் இடது கையை வளைத்துப் பிடித்து அதில் வைத்தாள். "இது ஜாஸ்தி" என்றாள் சௌந்தரா.

யார் பேசியது என்று அவளே ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கொதிக்கும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. திரும்பிப் போய்விடலாம், இரண்டரை என்ன, ஐந்து கிலோ என்றாலும் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், கை வலிக்குது, மூட்டுவாதம், அதான் ஜாஸ்தின்னேன் என்று சொல்லிவிடலாம், நல்ல சமாதானம், நாற்பது வருஷம் இதைவிட மட்டமான சமாதானங்களில் ஓடியிருக்கிறது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. கை பிடிவாதமாக, வேறு எதையோ வைத்துவிட்டு அதைத்தான் இது என்கிறார்கள் என்பதுபோல், முழங்கை மடிப்பில் விறைத்துக்கொண்டு நின்றது. ரெஜினா பொதியின் ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துச் சாக்கில் போட்டாள். இவள் தலையை அசைத்தாள். இன்னொரு கைப்பிடி. இன்னும். அரிசி சாக்கில் விழும் ஓசை மழை தொடங்குவதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு. ரெஜினாவின் கை மறுபடி துண்டுக்குள் போனபோது, "போதும்" என்றாள் சௌந்தரா, "போதும், போதும், எடுக்காதே." இதுதான். இவ்வளவேதான். இவ்வளவு கொஞ்சமாகத்தான் இருந்தது. ரெஜினா துண்டின் ஓரத்தை மறுபடி செருகினாள். தராசில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் விரல் இவள் மணிக்கட்டின்மேல் அப்படியே நின்றது.

"பால் குடிச்சா" என்றாள் சௌந்தரா. குரல் எக்ஸ்சேஞ்சுக் குரலாக இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது, அறுந்து அறுந்து, தூரத்து ஊரிலிருந்து லைன் கிடைத்ததுபோல். "கரண்ட் போயிருந்தது. ஒரு நர்ஸ் தெரியாம கொண்டாந்து குடுத்துட்டா. அழுதுட்டே வந்தா, கையில வச்சதும் நிறுத்திட்டா. ஒரு கண்ணத் தொறந்து பாத்துட்டே குடிச்சா. அதச் சொல்லிடு அந்தப் பொண்ணுகிட்ட." "சொல்றேன்க்கா." ரெஜினா இன்னும் தாழ்ந்த குரலில், "அப்புறம் ஏன்னு கேப்பா" என்றாள். தெரியும். அதைத்தானே இத்தனை தூரம் சுற்றிக்கொண்டு வந்தது. தங்கைகளும் அப்பாவும் டிரங்குப் பெட்டியும் முன்போலவே லேசாக, எடையில்லாமல் நின்றார்கள். "கேக்கட்டும்" என்றாள். உட்காரவேண்டும்போல் இருந்தது. நின்றது போதும். பேச்சி தன் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள், சௌந்தரா மெல்ல, முழங்காலைக் கெஞ்சிக்கொண்டு, அதில் உட்கார்ந்தாள். வாசல் வழியே தாவூத் தோட்டத்தில் போய்வந்து போய்வந்து நடப்பது தெரிந்தது. "ஏக்கா" என்றாள் பேச்சி, சிரிப்பைக் கூட அனுப்பாமல், "அரிசிக்கு ஏதுக்கா தலை?" சௌந்தரா குனிந்து பார்த்தாள். பொதியின் ஒரு முனைக்கு அடியில் அவள் உள்ளங்கை விரிந்து தாங்கிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து விரல்வரை வலித்தது. கையை மாற்றிக்கொள்ளவில்லை.